பெயர் இல்லாததற்குப் பெயர் வைப்பது: பகிடிச்சொல் ஆக்க ஓர் எளிய அறிமுகம்

ஏ9 வீதியால் போகும் பஸ்ஸில் ஏறியவுடன் கொண்டக்டர் சொல்லும் முதல் வசனம் எல்லோருக்கும் தெரியும்: “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு.” எட்டிப் பார்த்தால் ஒற்றைக் காலை ஊன்றவும் இடம் இராது. பரந்தனில் ஏறியவருக்கும் அந்த இடம் தெரியவில்லை, மாங்குளத்தில் ஏறியவருக்கும் தெரியவில்லை. கொண்டக்டருக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு இன்னும் ஒரு சொல் இல்லை. ‘கொண்டக்டர்வெளி’ என்று வைப்போம். பொருள்: பஸ்ஸின் நடுப்பகுதியில், கொண்டக்டரின் கண்ணுக்கு மட்டும் புலப்படும் வெற்றிடம்.

விஷயம் இவ்வளவுதான். நாளாந்தம் நடக்கிற, எல்லோருக்கும் பழகின, ஆனால் ஒருவரும் பெயர் வைக்காத ஒன்றைப் பிடித்து, சிரிப்பு வரும்படி ஒரு பெயர் வைப்பது. இந்தக் கட்டுரையில் அதைப் பகிடிச்சொல் என்று சொல்லிக்கொள்வோம்.

கலைச்சொல் ஆக்குவது வேறு வேலை. அங்கே பொருளுக்கு ஏற்கெனவே வேறு மொழியில் ஒரு பெயர் இருக்கும். அதற்கு ஈடாகத் தமிழில் ஒன்றைத் தேடுவார்கள். பகிடிச்சொல்லுக்கு எந்த மொழியிலும் பெயர் கிடைக்காத ஒரு நிலைமை வேண்டும். பட்டப்பெயரும் இதுவல்ல. பட்டம் ஆளுக்கு வைப்பது, இது நிலைமைக்கு வைப்பது. அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருவோம். அது கொஞ்சம் முக்கியமானது.

வன்னிக்கு இது பழைய பழக்கம்

சூடு மிதிக்கும், அதாவது கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும், களத்துக்கென்று தனிச் சொற்கள் இருந்தன. களத்தில் நிற்கும்போது நெல்லை நெல் என்று சொல்வதில்லை, ‘பொலி’ என்பார்கள். வழக்கமான சொல்லைச் சொன்னால் பூதம் கேட்டு விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயம். மட்டக்களப்புப் பக்கத்துக் களங்களில் கடகம் ‘பெருவாயன்’ ஆகிவிடும். வாய் அகன்ற ஓலைக் கூடைக்கு ஆண்பால் விகுதி போட்டு அதை ஓர் ஆளாகவே நடமாட விட்டிருக்கிறார்கள். பூதத்தை ஏய்க்கத்தான் செய்தார்கள் என்றாலும், செய்தவருக்குப் பகிடியும் தெரிந்திருக்கிறது. இலக்கணத்தில் இந்த வகைக்குக் குழூஉக்குறி என்று பெயர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அதேதான்.

1990க்குப் பிறகு போரோடு பொருளாதாரத் தடைக் காலம் வந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. போத்தலின் அடியில் கொஞ்சப் பஞ்சு, அதை நனைக்குமளவுக்கு எண்ணெய், ஒரு மெல்லிய திரி. அதற்கு ‘ஜாம் போத்தல் விளக்கு’ என்று பெயர் விழுந்தது. இதில் பகிடி குறைவு, உள்ளதை உள்ளபடி சொன்ன காரணப்பெயர். ஆனால் அதே காலத்தில் வானத்தில் வந்தவற்றுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். இரைந்துகொண்டு மெதுவாக வந்து குண்டு போட்ட பெரிய விமானம் ‘சகடை’. பிறகு ஆளில்லா வேவு விமானம் வந்து தலைக்கு மேலே மணிக்கணக்காக வட்டமிட்டபோது அது ‘வண்டு’. “வண்டு சுத்துது, வெளியில நிக்காதேங்கோ” என்று அம்மாமார் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். பயத்தில் வீட்டுக்குள் ஓடும்போதும், பயமுறுத்தும் பொருளை ஒரு பூச்சியின் அளவுக்குச் சிறுக்கவைத்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறார்கள். சத்தமும் அச்சாகப் பொருந்தும். அந்தச் சொல்லை ஆக்கியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல பகிடிச்சொல்லுக்கு ஆசிரியர் பெயர் நிலைப்பதில்லை.

அதே வன்னியில் அதே ஆண்டுகளில் பெயர்ப் பலகைகளில் தனித்தமிழ்ச் சொற்களும் ஏறின. பேக்கரி வெதுப்பகம் ஆனது, மோட்டார் சைக்கிள் உந்துருளி ஆனது, ஐஸ்கிரீம் குளிர்களி ஆனது. வெதுப்பகம் இன்றும் வடக்கில் பலகைகளில் இருக்கிறது, நல்ல சொல்லும்கூட. ஆனாலும் “வெதுப்பகத்துக்கு ஓடிப்போய் ஒரு பாண் வாங்கிக்கொண்டு வா” என்று பிள்ளையை அனுப்பும் தாயைக் காண்பது அரிது. வண்டுக்குப் பலகை தேவைப்படவில்லை.

முதலில் இடைவெளி, பிறகு சொல்

புதிதாகத் தொடங்குபவர்கள் சொல்லில் இருந்து தொடங்குவார்கள். இரண்டு சொற்களை ஒட்டிப் பார்த்து, நல்ல ஓசை வந்துவிட்டால், அதற்கு என்ன பொருள் வைக்கலாம் என்று யோசிப்பார்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலும் சப்பென்று போகும். கேட்பவர் சிரிப்பது, “அட, இது எனக்கும் நடக்கிறதே” என்று தோன்றும் அந்த நொடியில். ஆகவே முதலில் வேண்டியது கவனிப்பு. எல்லோரும் செய்கிறார்கள், ஒருவரும் வாயால் சொல்வதில்லை என்ற மாதிரியான செயல் எது?

தேட நல்ல இடங்கள்: காத்திருக்கும் இடங்கள், விடைபெறும் நேரங்கள், பொய்யான மரியாதைகள், கருவிகளோடு படும் பாடு. வன்னியில் இவை நான்குக்கும் பஞ்சமில்லை.

விடைபெறுவதை எடுப்போம். வீட்டுக்கு வந்த ஆட்கள் “அப்ப நாங்கள் வெளிக்கிடுறம்” என்று எழும்புவார்கள். விறாந்தையில் ஒரு கதை. முற்றத்தில் இன்னொரு கதை. படலையில் கை வைத்தபிறகுதான் பெரிய கதை தொடங்கும். யார் யாரின் காணிப் பிரச்சினை எங்கே நிற்கிறது, எந்தப் பிள்ளைக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்றெல்லாம் அங்கேதான் வரும். உள்ளே இருந்தது ஒரு மணித்தியாலம் என்றால் படலையில் ஒன்றரை. இதற்கு என்ன சொல்? ‘படலைப்பேச்சு’ என்று வைக்கலாம். பிழையில்லை, ஆனால் சிரிப்பும் இல்லை, வெறும் விவரம். ‘படலைக்கச்சேரி’ கொஞ்சம் மேல். எங்களுக்குக் கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரியும்தான், ஒரு கையெழுத்துக்காக ஒரு நாளையே விழுங்கும் மாவட்டச் செயலகமும்தான். எனக்குப் பிடித்தது ‘வெளிக்கிடாமை’.

ஏன் என்று சொல்கிறேன். திருக்குறளில் 133 அதிகாரம். அவற்றில் பல ‘ஆமை’யில் முடியும்: அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, கொல்லாமை. வெளிக்கிடாமை என்று சொன்னவுடன் 134ஆவது அதிகாரம் ஒன்றைப் பரிமேலழகர் உரையோடு யாரோ கண்டெடுத்த மாதிரி இருக்கிறது. கடைசியில் உண்மையான ஓர் ஆமை வேறு ஒளிந்திருக்கிறது, படலையை நோக்கி அவர்கள் நகரும் வேகத்துக்கு ஏற்றபடி. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இந்த ஆமை புகுந்து முடிந்தது, வெளியேறத்தான் மாட்டேன் என்கிறது.

ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. ஆனால் விவரிக்கும் சொல்லுக்கும் பகிடிச்சொல்லுக்கும் உள்ள தூரம் இங்கே தெரியும். முதலாவது, நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது, நடந்ததை இன்னொன்றின் உடுப்பைப் போட்டுக் கூட்டிவருகிறது.

எப்படிக் கட்டுவது

தமிழில் விகுதி மலிவு. அதுதான் எங்கள் பெரிய வசதி. இடப்பெயருக்கு எங்கள் பக்கத்தில் ஓயாமல் உழைக்கும் சொல் ‘அடி’: ஆலடி, புளியடி, கோயிலடி, சந்தியடி. எதன் பக்கத்தில் நின்றாலும் ஓர் அடி போட்டால் இடம் தயார். காட்டுக்கரைக் கிராமங்கள் சிலவற்றில் வளவுக்குள் ஒரே ஓர் இடத்தில்தான் போனுக்குக் கவரேஜ் வரும். பெரும்பாலும் அது கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் இடையில் இருக்கும். அந்த இடம் ‘கவரேஜடி’. “அண்ணை கவரேஜடியில நிக்கிறார், கனடாவோட கதைக்கிறார், கூப்பிடாத” என்று சொன்னால் ஒருவரும் பொருள் கேட்க மாட்டார்கள். ஆங்கிலச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. ஒட்டிய பசை தமிழ்ப்பசை. ‘அலைவரிசை கிட்டுமிடம்’ என்று சுத்தமாக வைத்திருந்தால் அது அன்றைக்கே செத்திருக்கும்.

அடுத்தது, பழக்கமான சொல்லில் ஒரே ஒரு உறுப்பை மாற்றுவது. ஆள்மாறாட்டம் எல்லோருக்கும் தெரிந்த சொல். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய், கும்பிட்டு வெளியே வந்து, விட்ட இடத்தில் செருப்பைக் காணாமல், அதே நிறத்தில் அரை அங்குலம் குறைந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்வது ‘செருப்புமாறாட்டம்’. குற்றவியல் சட்டத்தில் இருக்க வேண்டிய சொல் போல ஒலிக்கிறது. கோயில் வாசலில் நடப்பதும் சின்னக் குற்றம்தானே.

இன்னும் குறைவான மாற்றத்தில் இன்னும் கூடிய பலன் கிடைப்பதும் உண்டு. காலபோக அறுவடை முடிந்த தை மாசியில், உள்வீதிகளில் பாதித் தாருக்கு மேலே படங்கு விரித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். மீதிப் பாதியால் பஸ், லொறி, லாண்ட்மாஸ்டர், பள்ளிக்கூடச் சைக்கிள் எல்லாம் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, நெல்லை மிதிக்காமல், ஆனால் விதானையாரின் மதிலையும் இடிக்காமல் போக வேண்டும். அந்த மீதிப் பாதி ‘நெல்வழி’. ஔவையாரின் நல்வழிக்கு ஒற்றைக்கொம்பு ஒன்று முளைத்தது, அவ்வளவுதான். எழுத்து மாற்றம் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குச் சிரிப்பு கூடும் என்பது என் எண்ணம். இரண்டு மூன்று எழுத்தை மாற்றினால் கேட்பவர் மூலச்சொல்லைத் தேடிக்கொண்டு நிற்பார்; சிரிக்க நேரம் இராது.

மூன்றாவது வழி, உள்ள சொல்லை வேண்டுமென்றே பிழையாகப் பிரிப்பது. இங்கே புதுச்சொல்லே இல்லை, பழைய சொல்லுக்குப் புதுப்பொருள். ‘ஓட்டுநர்’ என்றால் ஓட்டில் திரிபவர்: விடியக் காலையில் கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு பாயும் குரங்கு. ‘கடன்காரன்’ என்பதைக் கடன், கார் என்று வெட்டினால், லீசிங்கில் கார் எடுத்தவன். சிலேடை தமிழுக்குப் புதிதில்லை, காளமேகப் புலவர் இதை வைத்தே பிழைத்தவர். ஆனால் சிலேடை ஒரு முறை கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிடுவது. பகிடிச்சொல் அடுத்த கிழமையும் பயன்பட வேண்டும். ஓட்டுநர் அந்தச் சோதனையில் தப்பிவிடும், குரங்குத் தொல்லை ஓயப்போவதில்லை என்பதால். கடன்காரனில் எனக்குச் சந்தேகம். பழைய பொருள் மிக வலிது, புதுப்பொருளை அமுக்கிவிடும்.

சரி, இரண்டு சொற்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைப்பது? ஆங்கிலத்தில் இது மிகப் பிரபலம். லூயிஸ் கரோல் 1871இல் வந்த கதையொன்றில், வாய்க்குள் சிரிப்பதற்கான சொல்லையும் மூக்கால் சீறுவதற்கான சொல்லையும் பிசைந்து ‘சோர்ட்டில்’ என்று ஒன்றை விளையாட்டாகச் செய்தார். இன்று அது எல்லா ஆங்கில அகராதிகளிலும் சாதாரணச் சொல்லாக இருக்கிறது. தமிழில் இந்த முறை கடினம். எங்கள் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வரிசையில் நிற்கப் பழகியவை. ஒன்றை வெட்டி மற்றதற்குள் செருகினால் இரண்டும் அடையாளம் தெரியாமல் போய்விடும். இரண்டுக்கும் பொதுவான ஓர் ஒலித்துண்டு இருந்தால் மட்டும் சரிவரும். வட்சப், சப்பல் இரண்டிலும் ‘சப்’ இருக்கிறது. ஆகவே ‘வட்சப்பல்’: குடும்பக் குழுவில் ஒரே செய்தியை ஆள்மாறி ஆள் அனுப்பி, லண்டன் சித்தி மென்றதைப் பாரிஸ் மாமா மென்று, கடைசியில் விசுவமடுவில் இருக்கும் அம்மம்மாவிடம் சாறில்லாமல் வந்து சேர்வது.

ஊர்ப்பெயரை எடுத்து

இதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும், ஏனென்றால் வன்னிக்காரருக்கு இதுதான் நல்ல வயல். டக்ளஸ் அடம்ஸ், ஜோன் லொயிட் என்ற இரு ஆங்கிலேயர் 1983இல் ஒரு சின்ன அகராதி வெளியிட்டார்கள். பெயர் இல்லாத நிலைமைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. வழிகாட்டிப் பலகையில் சும்மா நிற்கும் ஊர்ப்பெயர்களும் நிறைய இருக்கின்றன. இரண்டையும் முடிச்சுப்போட்டால் என்ன என்பதுதான் அவர்களின் யோசனை.

எங்கள் பலகைகளைப் பாருங்கள். ஒட்டுசுட்டான். இதற்கு நான் எதுவும் செய்யத் தேவையில்லை. இணையத்தில் மற்றவன் எழுதியதைச் சுட்டு, தன் பக்கத்தில் ஒட்டுபவன் ஒட்டுசுட்டான். “கட்டுரைப் போட்டிக்கு வந்ததில பாதி ஒட்டுசுட்டான்” என்று ஓர் ஆசிரியை சொன்னால் விளங்கும்தானே. இதில் ஒரு வேடிக்கை: அந்த ஊரில் கோயில் கொண்டிருப்பவர் தான்தோன்றீசுவரர். யாரையும் பார்த்துச் செய்யாமல் தானாகத் தோன்றியவர். ஊரவர்கள் கோபிக்கக் கூடாது.

முறிகண்டியில் பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போகும் வாகனம் அரிது. யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு அவசரமாகப் போனாலும் இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் மேலே போவார்கள். ஆகவே ‘முறிகண்டி’: நிற்காமல் தாண்டினால் மனம் கேளாத இடம். “அவருக்குச் சந்தித் தேத்தண்ணிக் கடை முறிகண்டி.” பெயரை மாற்றாமல், ஊரின் இயல்பையே பொருளாக எடுத்த வகை இது. ஒலியை மட்டும் எடுப்பதைவிட இந்த வகை நின்றுபிடிக்கும்.

ஓமந்தை வேறு மாதிரி. 2002இல் ஏ9 திறந்தபோது அங்கே சோதனைச் சாவடி இருந்தது. பையைத் திறந்து, உள்ளதெல்லாவற்றையும் மேசையில் கொட்டி, பிறகு அதே பைக்குள் அதே பொருட்களைத் திருப்பி அடைய முடியாமல் நின்ற அனுபவம் அந்த வழியால் போன எல்லோருக்கும் உண்டு. ‘ஓமந்தை போடுதல்’ என்றால், ஒரு திறப்பையோ அடையாள அட்டையையோ தேடி கைப்பை முழுவதையும் கவிழ்த்துக் கொட்டுவது. “பஸ்ஸுக்குள்ளயே ஓமந்தை போட்டிட்டா, சில்லறை எல்லாம் சீற்றுக்குக் கீழ.” இருபது வயதுப் பிள்ளைக்கு இது பாதிதான் விளங்கும். அதுவும் பரவாயில்லை; ஒரு சொல்லுக்கு ஒரு தலைமுறைக் கேட்போர் இருந்தால் போதும்.

ஒரு தலைமுறைகூட இல்லாமல் ஒரு வருடத்திலேயே முடிந்துபோகும் சொற்களும் உண்டு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. வாகன இலக்கத்தகட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து உங்களுக்கு எந்த நாள் என்று தீர்மானித்தார்கள். தங்கள் நட்சத்திரம் தெரியாதவர்களுக்கும் கடைசி இலக்கம் தெரிந்திருந்தது. அதற்குத் ‘தகட்டுராசி’ என்று பெயர் வைத்திருக்கலாம், நன்றாகவும் ஓடியிருக்கும். இன்று சொன்னால் விளக்கம் வேண்டும்.

விளக்கம் எழுதும்போது

பகிடிச்சொல்லை எழுத்தில் கொடுக்கும்போது கூடவே ஒரு விளக்கமும் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கேதான் அதிகம் பேர் கெடுப்பார்கள். சொல் சிரிக்கட்டும், விளக்கம் சிரிக்கக் கூடாது. கிரவல் வீதியில் சைக்கிளில் போகும்போது டிப்பர் ஒன்று முந்திப் போனால் என்ன ஆகும் என்று தெரியும். அதற்கு ‘டிப்பர்நீறு’ என்று சொல் வைத்தாயிற்று. இப்போது இப்படி எழுதினால்: “டிப்பர் போனதும் நீங்கள் செம்மண் பூதம் மாதிரி மாறிப்போகும் செம பகிடியான நிலை, ஹாஹா!” சொல் அங்கேயே முடிந்தது. இப்படி எழுதுங்கள்: “டிப்பர்நீறு, பெயர்ச்சொல். கிரவல் வீதியில் செல்வோருக்கு நெற்றி முதல் பாதம் வரை கட்டணமின்றிச் சாத்தப்படும் செந்நிறப் பொடி. வெள்ளைச் சேட் அணிந்த நாட்களில் விசேடமாகக் கிடைக்கும்.” அகராதி எழுதும் முதியவர் ஒருவர் முகத்தில் ஈயாடாமல் சொல்வது போல இருக்க வேண்டும். திருநீற்றின் நீறு ஏற்கெனவே வேலை செய்துவிட்டது, அதைத் தொட்டுக் காட்டக் கூடாது.

பயன்படும் வசனம் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள், பேச்சில் எப்படி வரும் என்று. வினையாக்க முடியுமா என்றும் பாருங்கள். ஓமந்தை போட்டான், ஓமந்தை போடுகிறாள், ஓமந்தை போடாதே. எல்லாம் வழுக்கிக்கொண்டு வருகிறது. வெளிக்கிடாமை அவ்வளவு இலகுவாக வளையாது, அது பெயராகவே இருக்கட்டும்.

சோதிப்பது எளிது. யாரிடமும் இது புதுச்சொல் என்று சொல்லாமல், கதையோடு கதையாக விட்டுப்பாருங்கள். கேட்டவர் நிற்காமல் தொடர்ந்து கதைத்தால், அல்லது சிரித்துவிட்டுத் தொடர்ந்தால், சொல் தப்பியது. “என்னது?” என்று கேட்டால் ஒரு முறை விளக்கலாம். இரண்டாம் முறையும் விளக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆளையா, நிலைமையையா

எங்கள் ஊர்களில் பட்டம் தெளிப்பது ஒரு கலை. காலைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, தகப்பனின் தொழிலைப் பார்த்து ஒரு பெயர் வைத்தால் அது பேரப்பிள்ளை வரைக்கும் போகும். திறமை என்ற வகையில் அதே திறமைதான். ஆனால் பட்டம் வாங்கியவர் அதைக் கழற்ற முடியாது. கவரேஜடியில் நிற்பவர் அழைப்பு முடிந்ததும் விலகிவிடலாம். அதனால் எனக்கு அன், காரன், ஆண்டி என்று முடியும் சொற்களில் எப்போதும் ஒரு கை பின்வாங்கும். ஒட்டுசுட்டான் தப்புவது, அவன் செய்த வேலையால் மட்டும் அந்தப் பெயரைப் பெறுகிறான் என்பதால்.

யார் சொல்வது என்பதும் கவனிக்க வேண்டியது. நுண்கடன் வாங்கிய பெண்கள், தவணை நாளில் பணம் சேராதபோது பின்வளவால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவதுண்டு. தலைமறைவில் ஓர் எழுத்தை எடுத்து இரண்டைப் போட்டால் ‘தவணைமறைவு’. அந்தப் பெண்கள் தங்களுக்குள் “இண்டைக்கு நான் தவணைமறைவு” என்று சொல்லிச் சிரித்தால் அது அவர்களின் பகிடி, கொஞ்சம் மூச்சு விடவும் உதவும். அதே சொல்லைக் கடன் வசூலிக்க வந்தவர் சொன்னால் பகிடி இல்லை. வண்டும் அப்படித்தான், கீழே நின்றவர்கள் வைத்த பெயர் அது.

இன்னும் பெயர் இல்லாமல் கிடப்பவை

தொடங்குவதற்கு இடம் தேடுபவர்களுக்குச் சில. கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிடுபவரின் கதிரைக்குப் பின்னால், அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பது. வெளிநாட்டு வீடியோ அழைப்பில் போன் கைமாறிக் கைமாறி உங்களிடம் வர, கதைக்க ஒன்றும் இல்லாமல் “ஓம்… ஓம்… அங்க குளிரோ?” என்று சிரித்துக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளுவது. கந்தோரில் முறை வந்து மேசைக்கு முன்னால் நின்றதும், இதுவரை யாரும் சொல்லாத ஒரு போட்டோப் பிரதியைக் கேட்பது. ஆடி ஆவணியில் மட்டும் தோன்றி, ஒரு சொக்கிலேட் பையோடு ஊரையே திருத்திவிட்டுப் போகும் மாமா. இரணைமடு நிரம்பி வான்கதவு திறந்த செய்தி கேட்டு, வான் பிடித்து வான் பார்க்கப் போகும் குடும்பம். இதற்குச் சொல்லே தேவையில்லை என்றும் சொல்லலாம், வசனமே போதும்.

அப்புறம் ஒன்று, இதை நான் நெடுநாளாகத் தேடுகிறேன். நெல் காய்கிறது. இரண்டு துளி விழுகிறது. கிழவர், குமர், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லோரும் ஓடிவந்து, கூட்டி, அள்ளி, சாக்கில் கொட்டி, மிச்சத்தைப் படங்கால் மூடி, நான்கு மூலைக்கும் கல் வைத்து நிமிர்ந்ததும் வெயில் பளீரென்று எறிக்கிறது. ‘மழைப்பேய்க்காட்டு’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். ஏமாற்றுவதைப் பேய்க்காட்டுவது என்கிறோமே, அதை வைத்து. நீளம் கூடிப்போய்விட்டது, படங்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது வாயில் வராது. இதைவிடக் குட்டையாக ஒன்று முள்ளியவளையிலோ மல்லாவியிலோ யாராவது ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பார்கள்; கேட்டவர்கள் பிடித்துவையுங்கள்.